பெரிய தலை உருளும் என்று நான் சொன்னது

1

திருச்செங்கோட்டிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் சுகம் விசாரித்த கையோடு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஏனுங்க, உங்க ஊரு ஜனாதிபதி மேல விசாரணை நடக்குதாமே, மாட்டுவாருங்களா, மாட்டாருங்களா?"

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் அவர்கள் போனில் சார்ஜ் தீரும்வரை நீளும். இப்போது, "எனக்கொண்ணும் தெரியாதுங்க, அங்க மழை பேஞ்சுதா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்புவதில்லை. அர்த்தநாரிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று ஊரில் இருக்கும் என் சம்சாரத்திடமே போய் விசாரித்திருக்கிறார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அலுப்புதான். என்ன நடந்தது என்று எழுதலாம் என இப்போதுதான் வீட்டில் உத்தரவு கிடைத்தது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. போர்வெல் போடும் ரிக் வண்டியில் பைப் தூக்கும் வேலைக்குச் சேர்ந்து, பிறகு என் பெயரை எழுதிய ரிக் வண்டிகளை ஆந்திராவுக்கும் ராஜஸ்தானுக்கும் அனுப்பியவன். தெலுங்கும் இந்தியும் எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. குழி தோண்டப் போன இடத்தில் சண்டை போட்டுக் கற்றுக்கொண்டேன். ராஜஸ்தானில் நான்கு கம்பெனிக்காரன் கைவிட்ட பாறையில் நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அந்த ஊரில் இன்றைக்கும் கேட்டுப் பார்க்கலாம்.

ரிக் நிற்கிற இடத்தில் எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். "முந்நூறு அடி" என்பான் ஒருவன். "ஐந்நூறு போனாலும் வராது" என்பான் இன்னொருவன். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவன் ஒரு கணக்குச் சொல்வான். வண்டியின் சொந்தக்காரன் நான் மட்டும் வாயைத் திறக்கமாட்டேன். பூமிக்குள் இருப்பதை மேலே நிற்கிறவன் சொன்னால், வரவில்லை என்றதும் கல் அவன் மேல்தான் விழும். அவ்வளவு கட்டுப்பாடாக இருந்தவன் இந்த அமெரிக்காவுக்கு வந்து வாயைத் திறந்தேன். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தால் வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

2

சான் ரமோனில் என் மகன் செந்தில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பார்க் இருக்கிறது. பிள்ளைகள் ஆபீசுக்கும் பேரப்பிள்ளைகள் ஸ்கூலுக்கும் போன பிறகு, மத்தியானம்வரை அந்தப் பார்க் எங்களுடையது. எங்களுடையது என்றால், மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் வந்து தங்கிவிட்ட தமிழ் ஆட்களுடையது. முதலில் முழங்கால் வலி, சர்க்கரை, மருமகள் என்றுதான் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஜனாதிபதியை விசாரிக்க ஸ்பெஷல் கவுன்சல் என்று ஒரு தனி வக்கீலை நியமித்தார்கள். அன்றிலிருந்து முழங்கால் வலி யாருக்கும் இல்லை.

அந்த மனிதர் வாயே திறக்கமாட்டார். பேட்டி கிடையாது, அறிக்கை கிடையாது. அவர் பேசாததால் நாடு முழுவதும் பேசியது. டிவியில் பழைய வக்கீல்களும் பழைய போலீஸ்காரர்களும் வரிசையாக உட்கார்ந்து அவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று சொன்னார்கள். யாரோ ஒரு சாட்சி கோர்ட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போனாராம். அப்படியானால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றார் ஒருவர். இல்லை, மறுத்துவிட்டார் என்றார் இன்னொருவர். பின்வாசல் பக்கம்தான் கார் நிறுத்த இடம் கிடைத்திருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் பார்க்கிலும் அதே கதைதான். சென்னையில் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ராமசுப்பு சார் காலையிலேயே எல்லாப் பேப்பரையும் போனில் படித்துவிட்டு வந்து பாடம் நடத்துவார். "பாருங்கோ, இவர் இன்டிபெண்டன்ட். கவர்ன்மென்ட்டுக்கு உள்ள இருக்கார், ஆனா இல்ல."

மதுரைக்காரர் சொக்கலிங்கம் அதைக் கேட்டுவிட்டு, "அதென்ன சார், உள்ள இருக்காரு ஆனா இல்ல? எங்க மாமியார் வீட்ல நான் இருந்த மாதிரியா? நம்ம ஊர்லயும் கமிஷன் போடுவாய்ங்க. ரிப்போர்ட் வர்றதுக்குள்ள மாட்டுனவனும் இருக்க மாட்டான், போட்டவனும் இருக்க மாட்டான்" என்பார்.

இரண்டு பேருக்கும் விளங்கவைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் பேச ஆரம்பித்தால் பக்கத்து பெஞ்சில் இருக்கும் குஜராத்திக்காரர்கள்கூடத் திரும்பி உட்காருவார்கள். பாஷை புரியாவிட்டாலும் கை ஆட்டுவது புரியுமல்லவா. ஒருநாள் ராமசுப்பு சார், "அர்த்தநாரி, நீங்க சொன்னா க்ளியரா இருக்கு. ஒரு வாய்ஸ் மெசேஜா போடுங்கோளேன். என் மச்சினர் சுகர் லேண்ட்னு ஒரு ஊர்ல இருக்கார். ரசிச்சுக் கேப்பார்" என்றார். போனை என் வாய்க்கு நேராக அவரே பிடித்துக்கொண்டார்.

நான் பேசியது இதுதான்.

"வணக்கமுங்க. ஸ்பெஷல் கவுன்சிலரு, ஸ்பெஷல் கவுன்சிலருங்கறாங்களே, அவரு யாருன்னா, நம்மூரு வார்டு கவுன்சிலர் மாதிரி இல்லீங்க. இவருக்கு வார்டே கிடையாது. நாடே வார்டு. தெருவிளக்கு எரியலைன்னு இவருகிட்டப் போகப்படாது. இப்ப என்ன ஆச்சுன்னா, ரிக்கு இறங்கிருச்சுங்க. மேல வெறும் புகைதான் வருது. புகையப் பாத்துட்டுத் தண்ணி இல்லைன்னு வூட்டுக்குப் போறவன் ஏமாளி. அவரு பாட்டுக்குப் பாறைய உடைச்சுட்டு உள்ள போயிட்டே இருக்காரு. ஒருநாளைக்கு ஈரம் வரும். அன்னைக்குப் பாருங்க, பெரிய தலை உருளும். எழுதி வெச்சுக்கோங்க. சொன்னது திருச்செங்கோடு ரிக் அர்த்தநாரி."

கவுன்சல் வேறு, கவுன்சிலர் வேறு என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பேச்சு சுகர் லேண்டோடு நின்றிருக்கும். அந்த ஒரு தப்புக்காகவே சிரித்துச் சிரித்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். நியூஜெர்சி போயிற்று. அங்கிருந்து திரும்பி எங்கள் பக்கத்து ஊரான மில்பிடாஸுக்கே வந்தது. மில்பிடாஸில் டிபன் சாப்பிடப் போன இடத்தில் "ரெண்டு செட் தோசைங்க" என்று நான் சொன்னதும், கல்லாவில் இருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான். "அங்கிள், நீங்க ரிக் அர்த்தநாரிதான? வாய்ஸ வெச்சே கண்டுபுடிச்சேன்!" என்று கூட நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். என் வண்டிகள் ஓடிய காலத்தில்கூட இப்படி யாரும் எடுத்ததில்லை. மறைப்பானேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பேத்தி மட்டும், "இட்ஸ் கவுன்சல், தாத்தா. கவுன்சலர்னா ஸ்கூல்ல இருப்பாங்க. ஐ கோ டு ஹர்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் அப்பாவைப் பெற்றவனை அப்பாரு என்றுதான் கூப்பிடுவார்கள். அதைச் சொல்லிக்கொடுத்து அலுத்துவிட்டேன். அந்த ஸ்கூல் அம்மாவிடம் இவள் எதற்குப் போகிறாள் என்று கேட்க வாயெடுப்பதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது.

3

அந்தச் சமயத்தில் என் குடியுரிமை மனு உள்ளே போயிருந்தது.

இந்த வயசில் அமெரிக்கக் குடிமகனாகி என்ன கொடி பிடிக்கப் போகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். என் சம்சாரம் சரசுவுக்கு இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திருச்செங்கோட்டில் மகளிடம் போய்விட்டாள். நான் அங்கே போய் அவளோடு மாதக்கணக்கில் இருந்துவிட்டு வந்தால், ஏர்போர்ட்டில் இருக்கும் ஆபீசர், "உன் வீடு எது? இங்கேயா, அங்கேயா?" என்று கேட்கிறார். கடைசியாக வந்தபோது, இன்னொரு தடவை இப்படிச் செய்தால் கார்டு போய்விடும் என்றே சொல்லிவிட்டார். மகனை விடுவதா, சம்சாரத்தை விடுவதா? குடிமகனாகிவிட்டால் அந்தக் கேள்வியே இல்லை. எத்தனை மாதம் வேண்டுமானாலும் ஊரில் இருக்கலாம், நினைத்தபோது வரலாம். ஊரில் போய் இருப்பதற்காக அமெரிக்கனாவது என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் புரியும். இன்டர்வியூ முடியும்வரை நாட்டைவிட்டு நகர வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். சரசுவைப் போனில் பார்ப்பதோடு சரி.

இன்டர்வியூ தேதி வந்த அதே வாரம் செந்தில் ஒரு சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அப்பா, இது உங்க வாய்ஸ்தானுங்க?"

"ஆமா. நல்லா இருக்குதா?"

"கீழ என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."

யாரோ ஒரு பொடிப்பயல் என் பேச்சை வீடியோவாக்கி, கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடவிட்டிருந்தான். "கண்ணாடி மாடியில இருக்குது. நீயே படி."

"'த பிரசிடெண்ட்ஸ் ஹெட் வில் ரோல்'னு போட்டிருக்கான்."

"சரியாத்தான போட்டிருக்கான்?"

"ஐயோ அப்பா! தலைய வெட்டுவோம்னு அர்த்தம் ஆகுதுங்க! பிரசிடெண்ட்டுக்குத் த்ரெட்டு. இங்க அது ஃபெடரல் க்ரைம். அதுல பேரு வேற சொல்லியிருக்கீங்க, ஊரு வேற சொல்லியிருக்கீங்க!"

"மத்தவனாட்டம் பேரில்லாமப் பேசற பழக்கம் எனக்குக் கிடையாது."

மருமகள் கவிதா அடுப்படியிலிருந்து, "நமக்குத் தெரியும் மாமா, பதவி போகும்னு அர்த்தம். அவங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா தலைதான் வரும், பதவி வராது" என்றாள்.

நம் ஊரில் மந்திரிசபை மாறுகிறபோதெல்லாம் பேப்பரில் பெரிய தலைகள் உருளுகின்றன. சாயங்காலம் அதே தலைகள் டிவியில் வந்து பேட்டி கொடுக்கின்றன. யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இதை இங்கிலீஷில் எப்படி எடுத்துச் சொல்வது? வக்கீலுக்குப் போன் போட்டோம். "கேட்டால் பொய் சொல்லாதீர்கள். கேட்காவிட்டால் நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். அநேகமாக ஒன்றும் ஆகாது" என்றார். அந்த 'அநேகமாக' எங்கள் வீட்டுக்குள் வந்து ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்துகொண்டது. சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்தது. டிவி போட்டால் கூடவே பார்த்தது. சரசு போனில், "எப்பங்க வாரீங்க?" என்று கேட்டால் அதுவே பதில் சொன்னது.

பார்க்குக்குப் போனேன். சொக்கலிங்கம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ஆபீசர் கேட்டா என் பேரச் சொல்லிராதீக. அந்த ஆடியோல ஒரு இருமல் கேக்குதுல்ல, அது நாந்தேன். இருமுனது மட்டும்தேன் நான். கருத்து ஒண்ணும் சொல்லல."

"உங்க இருமலுக்கும் இங்கிலீஷ்ல எழுதியிருப்பாங்க, பாத்துக்கோங்க" என்றேன். சிரித்தார். ஆனால் சொன்னதை மனசில் போட்டுக்கொண்டார் என்று தெரிந்தது.

ராமசுப்பு சார் வாக்கிங் நேரத்தை மாற்றிக்கொண்டார். காலையில் பனி ஒத்துக்கொள்ளவில்லையாம். போனை என் வாய்க்கு நேராகப் பிடித்த கை அவருடையது. நான் அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. அவருடைய மகளும் மருமகனும் விசாவில்தான் இருக்கிறார்கள். விசாவில் இருக்கிற வீட்டுப் பெரியவர்களுக்கு எந்த நேரத்துப் பனியும் ஒத்துக்கொள்ளாது.

4

இன்டர்வியூவுக்கு நான் இங்கிலீஷிலேயே படித்திருந்தேன். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், எழுத்தும் படிப்புமாக. பரீட்சை என்று நான் உட்கார்ந்து படித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அரசாங்கமே ஒரு புத்தகம் கொடுக்கிறது. கேள்வியும் அதிலேயே இருக்கிறது, பதிலும் அதிலேயே இருக்கிறது. பத்துக் கேள்வி கேட்பார்கள், ஆறு சரியாகச் சொன்னால் போதும். கவிதா என்னைக் கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, நான் சிட்டிசன் ஆனப்பக்கூட இவ்ளோ படிக்கலீங்க" என்றாள். அத்தனையும் தலைகீழாகச் சொல்வேன்.

ஆபீசர் என் மகள் வயசுப் பெண். சிரித்த முகம். மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர், அதன் முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது. சுவரில் ஜனாதிபதியின் படம். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

உண்மையே பேசுவேன் என்று சத்தியம் வாங்கினாள். பிறகு மனுவில் இருக்கிற கேள்விகள். எந்தக் கட்சியில் இருந்தாய், ஆயுதம் வைத்திருந்தாயா, யாரையாவது துன்புறுத்தினாயா, அரசாங்கத்தைக் கவிழ்க்க நினைத்தாயா. ஒவ்வொன்றுக்கும் "நோ மேடம்" என்றேன். ஒவ்வொரு 'நோ'வுக்கும் பிறகு, அடுத்தது இதுதான், தலை உருளும் கேள்விதான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ராஜஸ்தானில் துப்பாக்கியோடு வந்த ஆட்களிடம் என் வண்டியைத் திருப்பி வாங்கி வந்தவன் நான். அன்றைக்குக்கூட இப்படி அடித்துக்கொள்ளவில்லை. அவள் நடுநடுவே கம்ப்யூட்டரைப் பார்த்து எதையோ தட்டினாள். அதில் என் மனுதான் இருக்கிறதோ, என் வீடியோதான் ஓடுகிறதோ!

ஒரு வரி படிக்கச் சொன்னாள், படித்தேன். ஒரு வரி எழுதச் சொன்னாள், எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்றாள். பிறகு பரீட்சை ஆரம்பமாயிற்று.

ஜனாதிபதியின் பெயர் என்ன என்று கேட்டாள். பெயரை மட்டும் சொன்னேன். அவரைப் பற்றி நான் பேசியதிலேயே சுருக்கமான பேச்சு அதுதான்.

அடுத்து, "வாட் இஸ் த ரூல் ஆஃப் லா?" என்றாள்.

சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன என்ற இந்தக் கேள்வி எனக்கு நன்றாகத் தெரியும். புத்தகத்தில் பதில் போட்டிருக்கிறது. தலைவர்களும் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். சட்டத்துக்கு மேலே ஒருவரும் இல்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் சரி. அவர்கள் எழுதிய பதில், அவர்கள் அச்சடித்த புத்தகம். நான் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் படம் சிரித்தது. கம்ப்யூட்டரின் முகம் எனக்குத் தெரியவில்லை. 'தலைவர்களும்' என்று நான் ஆரம்பித்தால், 'எந்தத் தலைவர், மிஸ்டர் அர்த்தநாரி? எந்தத் தலை?' என்று அவள் திருப்பிக் கேட்கிற மாதிரி என் காதில் விழுந்தது. இது கேள்வி இல்லை, கண்ணி என்று தோன்றிவிட்டது. சரசு ஞாபகம் வந்தது.

"நோ ஐடியா, மேடம்" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். அதுவரை தடதடவென்று சொல்லிக்கொண்டு வந்தவன் இதில் நின்றது அவளுக்கே ஆச்சரியம். "டேக் யுவர் டைம், சார்" என்றாள். சொல்ல வைக்க வேண்டும் என்று அவளுக்கே ஆசை போல.

"நோ ஐடியா."

சரி என்று அடுத்ததற்குப் போனாள். மேற்குக் கரையில் இருக்கும் கடல் எது என்றாள். சொன்னேன். மிச்சத்தையும் சொன்னேன். ஆறு வந்ததும் நிறுத்திக்கொண்டாள். "கங்கிராஜுலேஷன்ஸ்" என்று ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். ஆடியோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை அவள் கேட்டிருக்கவே மாட்டாள் என்று இப்போது தெரிகிறது. எழுந்திருக்கும்போது அந்தக் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தேன். என் பெயரும் பிறந்த தேதியும் மட்டும்தான் இருந்தன.

வாசலுக்கு வரும்போது, "சார்" என்று கூப்பிட்டாள். போச்சு, ஆடியோதான் என்று நினைத்தேன். "அந்த ஒரு கேள்விக்குப் பதில், 'நோ ஒன் இஸ் அபவ் த லா.' தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அது முக்கியமானது" என்று பொறுமையாகச் சொன்னாள். தேங்க்யூ மேடம் என்றேன்.

5

ஃப்ரீவேயில் ஏறும்வரை செந்தில் பேசிக்கொண்டே வந்தான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டு வருஷக்கணக்காகிறது. "எத்தனைங்ப்பா தப்பு?"

"ஒண்ணே ஒண்ணு."

"எது?"

"ரூல் ஆஃப் லா."

"அது உங்களுக்குத் தெரியுமே! குளிக்கறப்பக்கூடச் சொல்லிட்டிருந்தீங்களே?"

"தெரியும்."

லேன் மாறினான். ஒரு லாரி போக வழி விட்டான். இவ்வளவு தூரம் வந்து வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டீர்களே என்று திட்டப்போகிறான் என்று நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எங்க டீம்ல லஞ்சுக்குப் போனா தெனமும் இதே பேச்சுத்தானுங்ப்பா" என்றான். "மாட்டுவாரு, மாட்டமாட்டாரு. இந்தப் பக்கம் நாலு பேரு, அந்தப் பக்கம் நாலு பேரு. 'சென்தில், வாட் டு யூ திங்க்'னு எங்கிட்டக் கேப்பாங்க."

"நீ என்ன சொல்லுவ?"

"'ஐ டோன்ட் ஃபாலோ பாலிடிக்ஸ்'ம்பேன்."

"வூட்ல டிவியில பூராவும் அதத்தான பாக்கற?"

"ஆமாங்."

"நீ சிட்டிசன் ஆகி எத்தனையோ வருஷமாச்சே, கண்ணு."

"ஆமாங்ப்பா" என்றான். "ஆனதுக்கப்புறமும் அதேதான் சொல்றேன்."

அவன் பிறந்ததிலிருந்து நானும் அவனும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். அதைச் சொல்லிச் சந்தோஷப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. காரில் இருந்தபடியே சரசுவுக்குப் போன் போட்டுக் கொடுத்தான். அங்கே என்ன நேரமோ, அவள் முழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பாஸ்" என்றேன்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஏனுங்க, இனி பயமில்லீல்ல? இனிமே வாயத் தொறந்து பேசலாம்ல?" என்றாள்.

ஸ்பீக்கரில் செந்திலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ரோட்டைப் பார்த்தே ஓட்டினான்.

"ஊருக்கு வந்து பேசறேன் சரசு" என்றேன்.